இயற்கைப் பொடியும் நாயின் ஈறும்

நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாலாட்டுவது, குரைப்பது, வாய் நாறுவது ஆகிய மூன்றையும் நாம் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறோம். முதல் இரண்டும் நாயின் இயல்புகள்தாம். மூன்றாவது அப்படி அன்று. நலமான வாயுள்ள நாயிடம் நம்மை முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் இருப்பதில்லை. அத்தகைய நாற்றம் வந்தால், பெரும்பாலும் அதன் ஈறுகளில் நோய் புகுந்துவிட்டது என்று பொருள்.

வளர்ப்பு நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் எது என்று கேட்டால், சொறி என்போம், உண்ணி என்போம். கால்நடை மருத்துவர்களோ ஈறு நோயை முன்வரிசையில் வைக்கிறார்கள். மூன்று வயதைக் கடந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் இந்நோய் இருக்கிறது. பொமரேனியன் போன்ற சிறிய இன நாய்களுக்கு இது இன்னும் அதிகம். அவற்றின் சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதே காரணம்.

இந்நோய்க்கென்று இன்று கடைகளில் பலவகை டப்பாக்கள் விற்கின்றன. கடற்பாசிப் பொடி, மூலிகைப் பொடி, மீன் எண்ணெய் என்று பட்டியல் நீளும். நாள்தோறும் சோற்றில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தால் போதும் என்பார்கள். டப்பாவின் மேல் 'முற்றிலும் இயற்கையானது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருக்கும். கடைக்குப் போகாதவர்கள் வீட்டிலுள்ள நெல்லிக்காயையும் மஞ்சளையும் பூண்டையும் நாடுகிறார்கள்.

உணவில் கலந்து கொடுக்கும் இயற்கைப் பொருள் நாயின் ஈறு நோயைத் தீர்க்குமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்க்காது. இத்தகைய பொருள்களில் ஒரு சில சிறிது துணை செய்யலாம். பல, நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. சில, நாயின் உயிருக்கே கேடு விளைவிக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பொடி கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நிம்மதிதான் அது.

இதை நான் சொல்வதால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. படிப்படியாகப் பார்ப்போம். ஒவ்வொரு படியையும் நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

தொட்டிப் பாசியும் பாத்திரத்து உப்பும்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். நமக்கு 32. எண்ணிக்கை வேறானாலும் பல்லில் அழுக்குச் சேரும் விதம் இரண்டு வாயிலும் ஒன்றுதான்.

வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் சில நாள் தண்ணீர் நின்றால் உட்புறச் சுவரில் வழுவழுப்பாக ஏதோ படிகிறது. தண்ணீரை ஊற்றிக் கழுவினால் அது போவதில்லை. தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தால்தான் போகும். பல்லின் மேலும் இப்படியொரு படலம் உண்டாகிறது. உமிழ்நீரிலுள்ள புரதங்கள் முதலில் பல்லின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்கின்றன. அதன் மேல் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவை பெருகி, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதைப் பற்படலம் என்று அழைக்கலாம்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து காய்ச்சும் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் வெள்ளையாக உப்பு கெட்டிப்பட்டிருக்கும். பற்படலத்தை அகற்றாமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகள் அதில் படிந்து அதையும் இப்படியே கல்லாக்கிவிடுகின்றன. இதுதான் பற்காரை. நாயின் உமிழ்நீர் நம்முடையதைக் காட்டிலும் காரத்தன்மை மிக்கது. ஆகவே நாய்க்குப் பற்சொத்தை குறைவு. காரையோ விரைவில் படிகிறது. இரண்டு மூன்று நாட்களிலேயே படலம் இறுகத் தொடங்கிவிடும். மேல்தாடையின் பின்புறப் பெரிய பல்லுக்கு அருகில் உமிழ்நீர்க் குழாய் ஒன்று திறக்கிறது. அந்தப் பல்லின் வெளிப்புறத்தில் காரை மிகுதியாக இருப்பதை நீங்கள் காணலாம்.

கண்ணுக்குத் தெரியும் இந்தக் காரையையே பலரும் நோய் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நோய் நடக்கும் இடம் வேறு. பல்லும் ஈறும் சேருமிடத்தில் ஓர் ஆழமற்ற பள்ளம் இருக்கிறது. பற்படலம் அதற்குள் இறங்குகிறது. அங்கே காற்று குறைவு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே தழைக்கின்றன. அவை வெளிவிடும் கந்தகச் சேர்மங்களே நாற்றத்துக்குக் காரணம்.

உடல் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்களை அனுப்பிப் போராடுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் பல்லைத் தூய்மை செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். போர் நீடித்தால் கதை மாறுகிறது. வெள்ளணுக்கள் வெளிவிடும் பொருள்களே பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகின்றன. பள்ளம் ஆழமாகி ஒரு பை போல் ஆகிறது. அதற்குள் இன்னும் அதிகமான பாக்டீரியாக்கள் சேர்கின்றன. இவ்வாறு கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை.

மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர் மூக்கு அறைக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே எலும்பு கரைந்து ஓட்டை விழுந்தால் நாய் ஓயாமல் தும்மும். மூக்கில் நீர் வடியும். சிறிய இன நாய்களில் கீழ்த்தாடை எலும்பே மெலிந்து, இலேசான அடியில் முறிவதும் உண்டு. இவ்வளவு நடந்தும் நாய் பெரும்பாலும் உணவை நிறுத்துவதில்லை. ஒரு பக்கமாக மென்று சமாளித்துக்கொள்கிறது. வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் முழுப் பொருள் பெறுகிறது. நோவு வாயிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயில்லை.

இரண்டு சோதனைகள்

பற்படலம்தான் ஈறு நோய்க்குக் காரணம் என்பது எப்படித் தெரிந்தது? டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்து 1965-இல் வெளியிட்டார்கள். நல்ல ஈறுகளுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. பிறகு மீண்டும் பல் துலக்கத் தொடங்கினார்கள். ஈறுகள் பழையபடி நலமடைந்தன. புதிய உணவோ சத்து மாத்திரையோ எதுவும் கொடுக்கவில்லை. படலம் சேர்ந்தது, நோய் வந்தது. படலம் நீங்கியது, நோய் நீங்கியது.

நாய்களில் இதைப் பார்க்கவேண்டும் அல்லவா? ஸ்வீடனின் யான் லிண்டேயும் லோவும் மற்றொருவரும் சேர்ந்து பீகிள் இன நாய்களை நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, முடிவை 1975-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவு நாய்களுக்கு நாள்தோறும் இருமுறை பல் துலக்கினார்கள். மறு பிரிவின் வாயில் படலம் சேர விட்டுவிட்டார்கள். துலக்கிய நாய்களின் ஈறுகள் நலமாக இருந்தன. துலக்காத நாய்களுக்கு ஈறு அழற்சி வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பும் கரைந்தது.

இந்த இரண்டு சோதனைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எடைபோடப் போகும் எந்தப் பொடிக்கும் இவையே உரைகல்.

பொடி எந்த வழியாக வேலை செய்யும்?

நாய் விழுங்கும் ஒரு பொருள் அதன் ஈறுக்கு நன்மை செய்யவேண்டுமானால் மூன்று வழிகள்தாம் உண்டு. மெல்லும்போது பல்லைத் தேய்க்கவேண்டும். அல்லது வாயில் இருக்கும் நேரத்தில் அங்குள்ள வேதியியலை மாற்றவேண்டும். அல்லது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, ஈறுக்கோ உமிழ்நீருக்கோ வந்து சேரவேண்டும். நான்காவது வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் குச்சியை மென்று நாராக்கிப் பல்லைத் தேய்த்தார்கள். குச்சியைப் பொடியாக்கிச் சோற்றில் கலந்து விழுங்கவில்லை. குச்சியின் சாற்றுக்குப் பயன் இருக்கலாம். தேய்ப்பதற்குப் பயன் உறுதி. நாய் நொடியில் விழுங்கிவிடும் பொடி எதையும் தேய்ப்பதில்லை.

அப்படியானால் எலும்பைக் கடிக்கக் கொடுக்கலாமே என்பீர்கள். நல்ல கேள்வி. பிரேசில் நாட்டில் எட்டுப் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்து ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே பற்காரை வெகுவாகக் குறைந்தது. ஆனால் காரை குறைவது வேறு, ஈறு நலமடைவது வேறு என்பதை முன்பே கண்டோம். காட்டில் வாழும் நாய்கள் இதற்குச் சான்று. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவற்றுள் 41 விழுக்காட்டில் பல்லைத் தாங்கும் எலும்பில் நோயின் அடையாளம் இருந்தது. 48 விழுக்காட்டில் பற்கள் உடைந்திருந்தன. வாழ்நாள் முழுவதும் இறைச்சியையும் எலும்பையும் தின்ற விலங்குகள் அவை. அதைவிட இயற்கையான உணவு வேறு எது? எனினும் நோய் வந்தது, பல்லும் உடைந்தது.

இரண்டாம் வழிக்கு வருவோம். உமிழ்நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளை நாய் மெல்லும் பிஸ்கட்டின் மேல் பூசினால் காரை படிவது குறையும். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்னும் உப்பு இவ்வாறு வேலை செய்வதை 1995-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதன் பெயரைக் கேட்டாலே 'ஐயோ, இரசாயனம்!' என்று விலகுவோர் உண்டு. ஆனால் இது எந்த வழியில் வேலை செய்கிறது என்பது தெளிவு. பச்சை எழுத்து டப்பாக்கள் பலவற்றுக்கு அந்தத் தெளிவு கிடையாது. பெயர் இனிமையா கடுமையா என்பதை வைத்து ஒரு பொருளின் குணத்தை முடிவு செய்யக்கூடாது. படலம் இறுகிக் காரையாவதைத்தான் இந்த உப்பும் குறைக்கிறது. ஈறு நோயைக் குணப்படுத்துவதில்லை.

மூன்றாம் வழியில்தான் பெரும்பாலான சத்துப் பொடிகள் வருகின்றன. அவற்றுள் நெல்லிக்காயை முதலில் பார்ப்போம். ஈறில் இரத்தம் வந்தால் வைட்டமின் சி குறைவு என்று பாடநூலில் படித்திருக்கிறீர்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் விரைவில் எழுந்து நடமாடினர். ஆகவே நாயின் ஈறில் இரத்தம் கசிந்தாலும் நெல்லிக்காய் கொடுக்கலாம் என்று தோன்றுவது இயற்கையே.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மனிதனால் தன் உடலில் வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ள முடியாது. குரங்குகளுக்கும் கினிப்பன்றிக்கும் அப்படியே. நாயோ தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. இல்லாத குறையை எந்த மருந்தால் நிரப்புவது? நமக்கு நல்லது நாய்க்கும் நல்லது என்ற எண்ணம் அன்பிலிருந்து வருகிறது. ஆனால் நாயின் கல்லீரலுக்கு நம் அன்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அழற்சியைச் சற்றுத் தணிக்கக் கூடியவை. ஆனால் அழற்சியைத் தூண்டும் பற்படலம் பல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்பை விட்டுவிட்டுப் புகையை விசிறி என்ன பயன்?

கடற்பாசிக்குரிய மதிப்பு

எல்லா இயற்கைப் பொருளும் வெறும் பேச்சு என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. வட அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் வளரும் ஒருவகைப் பழுப்புக் கடற்பாசி உண்டு. அதன் அறிவியல் பெயர் அஸ்கோஃபில்லம் நோடோசம். இதைச் சேர்த்த பிஸ்கட்டுகளைப் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் 60 நாய்களைக் கொண்டு சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கடற்பாசி சேர்ந்த பிஸ்கட்டு. மற்றொரு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெறும் பிஸ்கட்டு. எது எந்த நாய்க்குப் போகிறது என்பது, பரிசோதித்தவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் தெரியாதவாறு சோதனை அமைந்தது. 90 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, கடற்பாசி தின்ற நாய்களிடம் படலமும் காரையும் குறைவாக இருந்தன.

இது நல்ல முறையில் நடந்த சோதனை. ஆனால் இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். சோதனை தொடங்குமுன் எல்லா நாய்களுக்கும் மருத்துவர்கள் பற்களை முழுமையாகத் தூய்மை செய்துவிட்டார்கள். அதாவது, தூய்மையான பல்லில் காரை மீண்டும் சேர்வதைக் கடற்பாசி தாமதப்படுத்தியது. ஏற்கெனவே நோயுற்ற ஈறை அது குணப்படுத்தியது என்று யாரும் காட்டவில்லை. டப்பாவை வாங்குபவர் பெரும்பாலும் நாற்றம் வந்த பிறகுதான் வாங்குகிறார். சோதனையின் நாய்களும் அவருடைய நாயும் ஒரே நிலையில் இல்லை.

அமெரிக்காவில் கால்நடை வாய்நல மன்றம் என்ற அமைப்பு 1997 முதல் இயங்குகிறது. ஒரு தயாரிப்பு அதன் முத்திரையைப் பெற இரண்டு தனித்தனிச் சோதனைகளில் படலத்தையோ காரையையோ சராசரியாகக் குறைந்தது 20 விழுக்காடு குறைத்துக் காட்டவேண்டும். இதுவே உயர்ந்த அளவுகோல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 விழுக்காடு குறைந்தால் மீதி 80 விழுக்காடு பல்லிலேயே இருக்கிறது. முத்திரை பெற்ற பொருளே துணைப் பொருள்தான் என்றால், எந்தச் சோதனைக்கும் உட்படாத பொடியை என்னவென்று சொல்வது?

இயற்கை என்றால் தீங்கில்லையா?

பூண்டு இயற்கையானது. வெங்காயமும் அப்படியே. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கவேண்டும் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் அண்மையில் கருத்துத் தெரிவித்தார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்ட செய்தியை 2022-இல் வெளியிட்டார்கள். நம் சமையலறையில் நாள்தோறும் புழங்கும் புளியிலும் அந்த அமிலம் மிகுதி.

இன்னும் வியப்பான எடுத்துக்காட்டு சைலிட்டால். இது பழங்களிலும் மரங்களிலும் உள்ள இனிப்புப் பொருள். மனிதனின் பற்சொத்தையைக் குறைக்கிறது என்று பற்பசையிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் சேர்க்கிறார்கள். நாய் இதைத் தின்றால் அதன் கணையம் இன்சுலினை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. சிறிது நேரத்தில் இரத்தத்தின் சர்க்கரை அளவு தாழ்ந்து நாய் துவண்டு விழுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ஆபத்து. ஒரே பொருள், நம் பல்லுக்கு நண்பன், நாயின் உயிருக்குப் பகைவன். கடற்பாசியில் கூட அயோடின் மிகுதி. தைராய்டுக் கோளாறுள்ள நாய்க்கு அதை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

ஆகவே 'இயற்கையானது' என்ற சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே கூறுகிறது. அது என்ன செய்யும், எவ்வளவு கொடுத்தால் செய்யும், யாருக்குச் செய்யும் என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் விடையில்லை.

வெள்ளைப் பல் மறைப்பது

பொடி கொடுத்த சில வாரங்களில் நாற்றம் குறைந்துவிட்டது, பல்லும் வெளுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஈறுக்குக் கீழே இருக்கும் பை மூடிவிட்டதா? எலும்பு கரைவது நின்றுவிட்டதா? வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி. அந்த மணியின் நாக்கைப் பஞ்சால் சுற்றிவிட்டு ஆபத்து நீங்கிவிட்டது என்று உறங்குவது போன்றது இது. ஈறு சிவந்திருந்த முதல் கட்டத்தில் மருத்துவரிடம் போயிருந்தால் மீண்டிருக்கும். பொடியை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், போன எலும்பு போனதுதான். பொடியின் விலை டப்பாவில் அச்சிட்ட ரூபாய் மட்டும் அன்று. இழந்த அந்த ஆறு மாதமும் அதன் விலையே.

சில மறுப்புகள்

'எங்கள் தாத்தா காலத்தில் நாய்க்கு யார் பல் துலக்கினார்கள்? அவை நன்றாகத்தானே இருந்தன?' என்று கேட்பார்கள். நன்றாக இருந்தனவா என்பதை அக்காலத்தில் யாரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. அந்த நாய்களிடம் கேட்கவும் முடியாது. மேலும், வீட்டில் காவலும் தடுப்பூசியும் நல்ல உணவும் பெற்று நீண்ட நாள் வாழும் இன்றைய நாய்க்கு, ஈறு நோய் முற்றுவதற்கு வேண்டிய காலமும் கிடைத்துவிடுகிறது.

'மருத்துவரிடம் தூய்மை செய்வதற்குச் செலவாகுமே' என்பது மற்றொரு மறுப்பு. இது நியாயமான கவலை. மயக்க மருந்தும் கருவிகளும் மலிவானவை அல்ல. எல்லா ஊர்களிலும் அந்த வசதியும் இல்லை. இதனாலேயே வருமுன் காப்பது இன்னும் அவசியமாகிறது. வருமுன் காப்பதற்கு மலிவான கருவி ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பயன்படுத்தும் மென்மையான ஒரு பல் துலக்கி. மாதந்தோறும் பொடி வாங்கும் செலவைவிட இது மிகக் குறைவு.

நீங்கள் செய்யக்கூடியது

தடுப்பூசி போட்ட, உங்களிடம் நன்கு பழகிய, உங்கள் வீட்டு நாய்க்கு மட்டுமே இதைச் செய்யுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். தெரு நாயின் வாயில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும், பல் இலேசாகக் கீறினாலும், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் மருந்தில்லை.

முதல் வாரம் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, பல்லோரம் செந்நிறக் கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். ஈறு சிவந்தோ வீங்கியோ இருந்தால், பல் ஆடினால், காரை தடித்திருந்தால், துலக்கத் தொடங்காமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணான ஈறைத் தேய்த்தால் நாய்க்கு வலிக்கும்; அடுத்த முறை வாயைத் தொடவே விடாது.

ஈறு நலமாக இருந்தால் இரண்டாம் வாரம் மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, பல்லும் ஈறும் சேருமிடத்தில் மெதுவாகத் தேய்க்கலாம். பழகிய பின் பல் துலக்கிக்கு மாறலாம். பற்களின் வெளிப்புறம்தான் முக்கியம். உட்புறத்தை நாயின் நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். நம் பற்பசை வேண்டவே வேண்டாம். நாய் அதைத் துப்பாது, விழுங்கிவிடும். வெறும் தண்ணீர் போதும். படலத்தை அகற்றுவது தேய்ப்புதான்.

வாரத்துக்கு ஒருமுறை போதாதா? விடையை நீங்களே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று நாட்களில் படலம் இறுகத் தொடங்கிவிடுகிறது என்று பார்த்தோம். இறுகிய பின் துலக்கியால் அது போகாது. ஆகவே நாள்தோறும் செய்வதே முறை.

அடுத்த முறை ஒரு டப்பா உங்கள் வீட்டுக்கு வரும்போது அதனிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எந்த வழியாகப் பல்லை அடைகிறது? இதை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்களா, மனிதருக்குச் செய்த சோதனையை நாயின் மேல் ஏற்றுகிறார்களா? கொடுத்த நாய்களைக் கொடுக்காத நாய்களோடு ஒப்பிட்டார்களா? எதை அளந்தார்கள்: நாற்றத்தையா, காரையையா, ஈறின் நலத்தையா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். பல் துலக்குவதோடு சேர்த்துக் கொடுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை நாயின் அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.

வீட்டில் நாயோடு அதிகமாக விளையாடுபவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோவதும் நீங்கள்தான். ஆகவே நோயின் முதல் அடையாளம் உங்கள் கண்ணுக்கே முதலில் தெரியும். இன்று மாலை அது உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கும்போது, மெதுவாக அதன் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்.